பவளப்பாறையைப் பார்க்காமலே போன அண்ணிக்கு

என் செல்ல அண்ணி,

போன வாரம் நான் பவளப்பாறையைப் பார்த்துவிட்டேன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து படகில் கூட்டிப்போனார்கள். அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்தி, குனிந்து பார்க்கச் சொன்னார்கள். பழுப்பும் மஞ்சளுமாக, மான்கொம்பு போலக் கிளைவிட்டு, நடுவே நீலக் குஞ்சு மீன்கள். ஊருக்குப் போனதும் அண்ணியிடம் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் இப்படித்தான் ஆகிறது.

அந்தப் பாறைகளுக்காக எவ்வளவு காலம் அஸ்தினாபுரம் வீட்டு முன்னறையில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தீர்கள்! கடல் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்கள், பாம்பன் பக்கத்து மீனவர் சங்கம், வனத்துறை, பத்திரிகைக்காரர்கள் என்று ஒருவர் சொன்னது இன்னொருவருக்குச் சரியாகப் போய்ச் சேரவேண்டும். அது உங்கள் பொறுப்பு. டைப் அடிப்பது நான். "பாறையையே பார்க்காம பாறையைக் காப்பாத்துறாங்கப்பா ரெண்டு பேரும்" என்று அண்ணன் கேலி செய்வார். "ஒரு தடவை போயிட்டு வந்துடணும் வசந்தி" என்பீர்கள். அதற்குள் ஃபோன் அடிக்கும்.

அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் ராமநாதபுரத்தில் கூட்டம். அங்கே பத்திரிகைகளுக்குக் கொடுக்கப் பேராசிரியர் எழுதிய அறிக்கையில், 'மீனவர்கள் பவளப்பாறைகளை வெட்டி அழிக்கிறார்கள்' என்று ஒரு வரி. வழக்கம்போல அதைச் சங்கத் தலைவர் சேசு அண்ணனுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினீர்கள். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"சுண்ணாம்பு சுடுற காளவாசல்காரனுக்காக எங்க ஊர்ல நாலஞ்சு பேரு பாறையில கல்லு எடுக்குறான், இல்லைங்கல. அதுக்கு ஊரையே எழுதுவீகளா? இது வந்துச்சுன்னா நாங்க கூட்டத்துக்கு வரமாட்டோம்மா."

பேராசிரியர் எழும்பூருக்குக் கிளம்பிவிட்டிருந்தார். இனி அவரைப் பிடிக்க முடியாது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் செருப்பை மாட்டினீர்கள். "ராமேஸ்வரம் வண்டி தாம்பரத்துல நிக்கும்ல? வா."

தாம்பரம் பிளாட்பாரத்தில் டீ விற்றவர், "இன்னாக்கா இப்டி ஓடியாறீங்க? வண்டி இப்பதான் வந்துகினு கீது!" என்று சிரித்தார். ஏறி, பெட்டி பெட்டியாகத் தேடி, வண்டலூர் தாண்டித்தான் பேராசிரியரைக் கண்டுபிடித்தோம்.

"நான் எழுதினதுல பொய் எதுவும் இல்லையேம்மா" என்றார் கோபமாக.

"பொய்யின்னு சொல்லலை சார். எடுக்கச் சொல்றவங்களை விட்டுட்டீங்களே. சேசு அண்ணன் வரலைன்னா, அங்கே கல்லு எடுக்காதேன்னு யார் சார் சொல்லப்போறா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீங்கள் எதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே வந்தீர்கள். சிங்கப்பெருமாள்கோவில் வந்தபோது பேனாவைத் திறந்தார். 'காளவாசல் வியாபாரிகளுக்காகச் சிலர் வெட்டி எடுக்கிறார்கள்' என்று அந்த வரி மாறியது.

செங்கல்பட்டில் இறங்கி, ஸ்டேஷன் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து சேசு அண்ணனுக்கு அதை வாசித்தீர்கள். "வாரோம்மா" என்றார். ஃபோனை வைத்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதீர்கள். ஏன் அண்ணி? அன்றைக்கு நான் கேட்கவில்லை.

கூட்டம் நடந்தது. கல் எடுப்பது உடனே நின்றுவிடவில்லை. ஆனால் கல் ஏற்ற ஒரு படகும் போகக்கூடாது என்று சங்கம் அங்கேயே முடிவெடுத்தது. போய்ப் பார்க்கலாம், போய்ப் பார்க்கலாம் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாழாய்ப்போன மஞ்சள்காமாலை வந்தது.

இப்போது உங்கள் நாற்காலியில் நான். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, அறிக்கை எல்லோருக்கும் ஒரே நொடியில் போகிறது. கோபமும் அதே வேகத்தில் திரும்பி வருகிறது. அப்போதெல்லாம் அண்ணி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து, சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் படகிலிருந்து இறங்கும்போது, கூட வந்திருந்த சேசு அண்ணன் கேட்டார்: "அந்தம்மா ஒரு தடவையாச்சும் வந்து பாத்திருக்கலாம்ல?"

உங்கள் மகள் கவிதா இப்போது உங்கள் உயரம். கடல் என்றால் அவளுக்குக் கொஞ்சம் பயம். முழுப்பரீட்சை முடிந்ததும் அழைத்துப்போகிறேன், அண்ணனும் வருகிறார். அவள் கையை நான் பிடித்துக்கொள்வேன் அண்ணி. போதும் அத்தை என்று அவளாகச் சொல்லும்வரை படகைத் திருப்ப விடமாட்டேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
வசந்தி