ரிசப்ஷன் நாற்காலியில் ஒரு மணி நேரம்

செவ்வாய், இரவு.

எங்கள் தி.நகர் ஆபீஸில் மேனேஜர் யாரையும் உடனே இன்டர்வியூவுக்குக் கூப்பிட மாட்டார். ஒரு மணி நேரம் ரிசப்ஷனில் காக்க வைப்பார். வந்தவர் எப்படி இருந்தார் என்று ரிசப்ஷனிஸ்ட்டான என்னிடம் கேட்பார்.

இன்று வந்த நஸ்ரீன் எம்.காம்., எட்டு வருட அனுபவம். "இன்னும் லேட் ஆகுமா மேடம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மடச்சி நான், அதைப் போய்ச் சொன்னேன்.

"படிப்பு இருந்து என்ன? பர்சனாலிட்டி சரியில்ல," என்றது அந்த ஜென்மம். அந்த ஒரு மணி நேரமும் அறைக்குள் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது.

"உன்ன மாதிரி இருக்கணும்மா. உன் இன்டர்வியூ அன்னிக்கு ரெண்டு மணி நேரம் கப்சிப்னு உட்கார்ந்திருந்தியே."

பதினோரு வருடமாகிறது. இன்னும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறேன்.