கோமதியக்கா எரித்த மூட்டைகள்

அன்புள்ள கோமதியக்காவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. உங்கள் விளக்குமாறு இன்னும் பள்ளிக் கழிப்பறைச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. புகழ்ந்து எழுத வரவில்லை அக்கா. செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் இல்லாத பள்ளி என்று கேட்டில் எழுதி வைத்தது நான்தான். சுற்றுச்சூழல் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியை இல்லையா? காலையில் வாசலில் நின்று பிள்ளைகளின் பையைச் சோதிப்பேன். சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், கேரி பை என்று கிடைத்ததையெல்லாம் பிடுங்கிச் சாக்கில் போடுவேன். ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரத்தில் நாளைக்கு மூன்று சாக்கு நிரம்பும். "கண்ணுல படாம பண்ணிருங்கக்கா" என்று உங்களிடம் தள்ளிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன்.

"பொறத்தால கொண்டுபோயி எரிச்சிருதேன் டீச்சர், நீங்க போங்க" என்பீர்கள்.

கழிப்பறைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் தினமும் எரித்தீர்கள். புகை வகுப்புக்குள் வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, காற்று மாசு பாடத்தை நடத்துவேன். நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அதிகாரிகள் ஆய்வுக்கு வந்த அன்று மட்டும் புகை வரக் கூடாது என்றேன். மறுநாள் இரண்டு நாள் மூட்டையையும் சேர்த்து எரித்தீர்கள். பசுமைப் பள்ளி என்று கேடயம் கொடுத்தார்கள். உங்களுக்கு இருமல் வந்தபோது, தூசியாக இருக்கும், வெந்நீர் குடியுங்கள் என்றேன். சங்கரன்கோவிலில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். நெஞ்சு பூராவும் கெட்டுப்போயிருக்கிறது என்றார்களாம். எதனால் என்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததா அக்கா? தெரிந்தும், டீச்சர் சொன்னாளே என்று எரித்தீர்களா?

போன திங்கட்கிழமை உங்கள் வேலைக்கு உங்கள் மகள் இசக்கி வந்தாள். இடுப்பில் தீப்பெட்டி வைத்திருந்தாள்.

"அம்மா இங்கனதானே எரிப்பாவ, டீச்சர்?"

தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது மூட்டைகளெல்லாம் ஹெச்.எம். அறை வாசலில், அந்தக் கேடயத்துக்கு நேர் கீழே கிடக்கின்றன. பழைய சாமான் கடைக்காரர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டார். பாக்கெட் யாருக்கும் வேண்டாமாம்.

"அடுத்த வாரம் ஆய்வுக்கு வாராவ டீச்சர், இதை எங்கயாவது ஒதுக்குங்க" என்று ஹெச்.எம். கத்தினார்.

"இதைப் பாக்கத்தான சார் அவங்க வாராங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

எங்கே கொண்டுபோவது என்று எனக்கும் தெரியவில்லை அக்கா. ஆனால் இசக்கி கையால் ஒரு பாக்கெட்டும் எரியாது. இதற்கு முன்னால் இதெல்லாம் எங்கே போயிற்று என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். எரித்தது யார், எரிக்க வைத்தது யார் என்று இரண்டு பெயரையும் சொல்வேன். வேலை போனாலும் சரி.

இத்தனை வருஷமும் நீங்கள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டீர்கள். நான்தான் அக்கா அக்கா என்று கூப்பிட்டு, உங்களை அந்தப் புகையில் நிற்க வைத்தேன்.

கூப்பிட்ட உறவுக்கு இனியாவது உண்மையாக இருக்கப் பார்க்கும்
உங்கள் தங்கச்சி