அப்பா குடிக்கவில்லை

அம்மாவுக்கு வணக்கம். அகிதாவில் கூரைப்பனி வாரியாயிற்றா? முழங்கால் எப்படி இருக்கிறது?

பயப்படாதீர்கள். பேருந்து ஓட்டுநர்களுக்கான கண் சோதனையில், ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது மேற்புறம் வந்த புள்ளிகள் எனக்குத் தெரியவே இல்லை.

"கிளாக்கோமா. கண் நரம்பு குழிஞ்சிருக்கு, போன பார்வை வராது. வீட்ல யாருக்காவது உண்டா?" என்றார் டாக்டர். இல்லை என்றேன்.

ஃபுசே அத்தை போனில் சொன்னார்: "என் தம்பி, உங்கப்பனுக்கும் அதேதான்டா. பரம்பரை நோய்னு தெரிஞ்சா உனக்குப் பொண்ணு தரமாட்டாங்கன்னு, குடிச்சிட்டு விழுறான்னு உங்கம்மா ஊரை நம்ப வச்சா."

அப்பா படியில் இடறும்போதெல்லாம் "குடிகாரா" என்று கத்தினேன். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் அனுப்புங்கள். சொட்டு மருந்து கன்னத்தில் வழிகிறது. தனியாக விட வரவில்லை. அப்பாவுக்கு நீங்கள்தானே ஒளித்து ஒளித்து மருந்து விட்டீர்கள்?

பேருந்து கழுவ நேரமாகிவிட்டது. இப்போது ஓட்டுவதில்லை.

தெத்சுரோ