சந்தனம் இறங்கிய கம்ப்யூட்டர்

என் கண்ணே கலா,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அம்மா அஞ்சாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

உன் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரை நேற்று பார்த்தேன். உன் நினைவாக ஒன்று காட்டணும் என்று பெரிய டீச்சர் ஆள் அனுப்பியிருந்தார். ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள்.

அது வந்த அன்றைக்கு நீ ஓடிவந்து சொன்னாயே. "கணக்கத் தப்பா போட்டா திட்டாதும்மா. மறுபடியும் கேக்கும். எத்தினி வாட்டி வேணாலும் கேக்கும்."

"அப்போ உங்க அப்பாவ அனுப்பிட்டு அத வெச்சிக்கலாம்டி" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிள்ளைகளை மெஷினைத் தொட விடவில்லை. அட்டையில் கட்டம் போட்டு, எழுத்து எழுதி, அதன்மேல் விரலால் அடித்துப் பழகச் சொன்னார்கள். நன்றாகப் பழகினவளுக்கு முறை வரும் என்றார்கள். உலை கொதிக்கிற நேரத்திலும் நீ அட்டையைத் தட்டிக்கொண்டிருப்பாய். வகுப்பிலேயே உன் விரல்தான் வேகம்.

அதனால்தானே ஆயுத பூஜைக்கு உன்னைக் கூப்பிட்டார்கள்? "ஒவ்வொரு பொத்தானுக்கும் பொட்டு வைடி" என்று பெரிய டீச்சரே சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார். வைத்தாய். சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து பொத்தான்கள் ஒட்டிக்கொண்டன. ரிப்பேர் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த ஆள் கழற்றிக் காட்டியபோது, கிண்ணம் கொடுத்தவருக்கு அது ஞாபகமே வரவில்லை.

"மில்லு கூலிக்காரன் வீட்டுப் பொண்ணுக்கு மெஷின பத்தி என்ன தெரியும்? இனிமே இவளுக்கு முறை கிடையாது" என்றார், எல்லாப் பிள்ளைகள் முன்னாலும். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை.

ஆனாலும் அட்டையை விடவில்லை. மஞ்சள்காமாலையில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போர்வைமேல் விரல் அடித்துக்கொண்டே இருந்தது. ஜுரத்தில் கை உதறுது என்றாள் நர்ஸ். என்ன கணக்கு போட்டாய், கலா?

நேற்று பெரிய டீச்சர் உன் பெயரைத் தட்டிக் காட்டினார். பச்சையாக மின்னியது. "பாருங்கம்மா, நம்ம கலா பேரு."

எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அதில் உன்னை எங்கே என்று தேடுவேன்?

"அவ இருந்தப்போ ஒரு கணக்காவது இதுல போட வுட்டீங்களா, டீச்சர்?"

"விதிம்மா. நம்ம கையில என்ன இருக்கு?"

"சந்தனக் கிண்ணம் உங்க கையிலதான இருந்துச்சி."

அவர் சுவிட்சை அணைத்தார். உன் பெயர் போய்விட்டது.

ஜூன் மாதம் உன் தங்கை வசந்தி அங்கேதான் சேர்கிறாள். உன் அட்டையைக் கேட்டு அழுதாள். தரவில்லை. இன்று காலையில் அதை அடுப்பில் வைத்துவிட்டேன். எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் அட்டையைத் தட்டிக்கொண்டு காத்திருக்க மாட்டாள். அவள் விரல் அந்த மெஷினில் படுகிறவரை அந்த அறையை விட்டு நான் நகர மாட்டேன். செருப்போடு நிற்பேன்.

உன்னையும் அவளையும் பெற்ற
அம்மா