கேபின் நம்முடையது

போர்ட் அகஸ்டா
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள டாம்சின்,

நீயும் மாப்பிள்ளையும் ஓவன் குட்டியும் அந்த ஊரின் ஓயாத மழையிலும் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் அப்படியே என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் எப்போதும் போலத்தான். ஆனால் மூன்று வாரமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஞாயிறுதோறும் நீ கூப்பிடும்போது அப்பா ஷெட்டில் வேலையாக இருக்கிறார் என்று அம்மா சொன்னாளே, அது பொய். நான் அவள் பக்கத்திலேயே வெஜிமைட் தடவிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தேன். உன் குரலைக் கேட்டால் உளறிவிடுவேன், போனில் உளறக்கூடிய விஷயம் இல்லை இது, அதனால்தான் கடிதம்.

எல்லாம் நீ அனுப்பிய பிறந்தநாள் பரிசால் வந்தது. உன்மேல் கோபம் இல்லை கண்ணே, அதைவிட நல்ல பரிசு எனக்கு யாரும் தந்ததில்லை. நம் லேலண்ட் ஹிப்போ லாரி பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டுப் போய், அங்கே பழைய ஆவணங்களை வைத்திருக்கும் கூடத்தில் இரண்டு சனிக்கிழமை தூசி தட்டி, அதன் 1957-ஆம் வருடத் தயாரிப்பு அட்டையின் நகலைக் கண்டுபிடித்து அனுப்பினாயே, அதைப் பார்த்ததும் முத்தமே கொடுத்துவிட்டேன். அம்மா, "எனக்கு அப்படி ஒண்ணு கொடுத்து எத்தனை வருஷம் ஆச்சுப்பா?" என்றாள். எஞ்சின் எண், பச்சை நிறம், கப்பல் ஏறிய தேதி, வாங்கியவர் ஹெட்லி கெஸ்ஸல் என்று உன் தாத்தாவின் பெயர், எல்லாம் தட்டச்சில் அழகாக இருந்தது. அடிச்சட்டத்தில் பொறிக்கும் சேசிஸ் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தொன்று.

அட்டையோடு நேரே ஷெட்டுக்குப் போனேன், ஒத்துப் பார்த்து மகிழத்தான். பதினோரு வருடம் அந்த லாரிக்கு ஒவ்வொரு ஆணியாக மாற்றியிருக்கிறேன், சேசிஸ் எண்ணை மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை. லாரிக் கண்காட்சிகளில் அடுத்தவன் வண்டியைப் பார்த்ததும் "நம்பர் என்ன?" என்று முதலில் கேட்கிறவன் நான். வயல்லாவிலிருந்து வந்த ஒரு மனிதர் தன் மேக் லாரிக்குப் பக்கத்தில் பெருமையாக நின்றபோது, எண் ஒத்துப்போகவில்லை, இது வேறு வண்டி என்று நாலு பேர் முன்னால் சொல்லி அவர் முகத்தைத் தொங்கப்போட வைத்தவன். எங்கள் கூட்டத்தில் கணக்கு அதுதான், சேசிஸ்தான் லாரி, கேபின் அதற்குத் தலையில் வைத்த தொப்பி. அப்படிப்பட்டவன் சொந்த வண்டியைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும், மாட்டுப் பண்ணையின் குப்பைமேட்டில் அதைக் கண்டெடுத்த அன்றே கதவில் மங்கலாகத் தாத்தாவின் பெயர் தெரிந்தது, டாஷ்போர்டுக்கு அடியில் எட்டு வயதில் நான் ஆணியால் கீறி அறை வாங்கிய இரண்டெழுத்து அப்படியே இருந்தது, அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றிருந்தேன்.

வலப்பக்க முன் ஸ்பிரிங் பக்கத்தில் நானே அடித்த மூன்று கோட் கறுப்பை இரண்டு டாலர் நாணயத்தால் சுரண்டினேன். நாலு வந்தது. அதற்குப் பின்னால் இரண்டு வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், இரண்டுதான்.

நாற்பத்திரண்டு யாருடையது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரே கப்பலில் ஒரே மாதிரி இரண்டு லாரி வந்திறங்கியது, ஒன்றை உன் தாத்தா வாங்கினார், மற்றதை லோதர் நோஸ்கே வாங்கினார். அந்தப் பெயரை நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொல்லக் கூடாது என்பது உனக்குத் தெரியும், ஏன் என்று யாரும் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. அறுபத்துமூன்றில் ஆலிஸ் ஊருக்குப் போகிற மண் சாலையில் பெருமழை, தாத்தா ஓடையில் அச்சு வரை புதைந்து நாலு நாள் கிடந்தார், குடிக்க ரேடியேட்டர் தண்ணீர்தான். இரண்டாம் நாள் நோஸ்கே கரையோரமாக வந்தார், பார்த்தார், ஹாரன் அடித்தார், போய்விட்டார். அந்தச் சாலையில் நின்று கிடக்கிற லாரியை யாரும் தாண்டிப் போவதில்லை, ஜென்ம விரோதியானாலும் நிறுத்தி இறங்கி என்ன என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். தாத்தா சாகும்வரை நோஸ்கே நுழைந்த மதுக்கடையில் கால் வைக்கவில்லை.

எப்படி நடந்திருக்கும் என்றும் புரிந்துவிட்டது. இரண்டு லாரியும் கடைசியில் அதே பண்ணைக்கு விலைபோயிருக்கின்றன, ஒன்றின் கேபின் நசுங்க, அங்கிருந்தவர்கள் தாத்தாவின் கேபினைத் தூக்கி நோஸ்கேயின் சேசிஸ்மேல் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். பண்ணைக்காரனுக்கு ஓடினால் போதும். நோஸ்கேயின் மகள் எல்வாவை உனக்குத் தெரியுமே, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போன பஸ்ஸின் டிரைவர், இப்போது அம்மாவோடு புல்தரையில் பந்து உருட்டுகிற பௌல்ஸ் ஆடுகிறாள். முப்பது வருடமாக எந்த லாரிக் கண்காட்சி நடந்தாலும் அறிவிப்புப் பலகையில் அவள் அப்பா லாரியின் படத்தை நாலு குண்டூசியில் குத்தி வைப்பாள், இதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று அடியில் எழுதியிருக்கும். போன வருடம் அவளிடம் நானே, "அது எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருக்கும் எல்வா, விட்டுடு" என்றேன். சொன்னபோது அந்த லாரியின்மேல்தான் சாய்ந்துகொண்டு நின்றேன்.

சற்று எழுந்து போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தேன். வியாழக்கிழமை லாரிக் கண்காட்சிக்குக் கிளம்ப வேண்டும், ஆலிஸுக்கு மூன்று நாள், ஹிப்போ மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் போகாது. அறுபது பழைய லாரிகள் வரிசையாக ஊருக்குள் போகப்போகின்றன, வண்டி முன்னால் வைக்கிற கதைப் பலகை எழுதி வந்துவிட்டது, ஒரே குடும்பத்தின் லாரி, 1957 முதல் இன்று வரை என்று தங்க எழுத்தில். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் பெயின்ட் அடித்து மூடினேன், மறுநாள் சுரண்டினேன், திரும்ப அடித்தேன். அம்மா வாசலில் நின்று, "நீ இப்படியே அடிச்சுச் சுரண்டிக்கிட்டிருந்தா சேசிஸ் ஓட்டையாயிடும். நீ சொல்றியா, இல்ல பௌல்ஸ்ல நான் போட்டு உடைக்கட்டுமா?" என்கிறாள். உன் தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அவனுக்கு ஒரு நட்டுகூடக் கொடுக்காதே என்றிருப்பார். நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும், அதனால்தான் போனை எடுக்கவில்லை. பதினோரு வருடம் டாம்சின், நீ காலுறைக்குள் சுற்றி அனுப்பிய முகப்பு விளக்கிலிருந்து எத்தனை பேர் கை அதில் இருக்கிறது, இத்தனையும் அந்த மனிதரின் லாரிக்கா என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அங்கே குளிர் வருமுன் காரின் டயரைப் பார்த்துக்கொள், வழவழவென்று ஆகும்வரை ஓட்டாதே. ஓவனுக்கு இருமல் என்றால் தேன் போதும், கண்டதைக் கொடுக்காதே. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை

சொல்லிவிட்டேன். காலையில் எல்வாவை போனில் கூப்பிட்டு ஷெட்டுக்கு வா என்றேன், பௌல்ஸுக்குப் போகிற வழியில் அந்த வெள்ளைவெளேர் உடுப்போடு வந்தாள். நேரே எண்ணைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள், திரும்பப் போட்டாள். "எத்தனை நாளாத் தெரியும்?" என்றாள். மூன்று வாரம் என்றேன். "போன ஞாயித்துக்கிழமை என் எலுமிச்சை கேக்கை ரெண்டு துண்டு தின்னியே, அப்பவும் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

பிறகு சேசிஸ் சட்டத்தின்மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே பின்பக்கமாகப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். என்ன தேடுகிறாய் என்றேன். "இங்க ஒரு வெல்டிங் இருக்கணும். அம்பத்தொன்பதுல சட்டம் விரிஞ்சுபோச்சு, அப்பாவே உட்கார்ந்து பத்தவெச்சார், இடுக்கியால தகடு பிடிச்சது நான். அந்த வெளிச்சத்தைப் பார்க்காதேன்னு சொன்னார், பார்த்துட்டேன், ரெண்டு நாள் கண்ணுமேல உருளைக்கிழங்கு வெச்சுக் கட்டினாங்க" என்றாள். உனக்கு நினைவிருக்கும், ஆறு வருடம் முன்பு படம் எடுத்து அனுப்பினேனே, எந்த மடையன் இப்படிப் பற்றவைத்தான் பார் என்று எழுதி, கோழி கிண்டியது போல இருக்கிறது என்று நீ சிரித்தாய். அந்த வெல்டிங். அதைத்தான் இரண்டு நாள் கிரைண்டர் பிடித்து, விரல் வைத்தால் வழுக்கும்படி இழைத்து, நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன். நான்தான் தேய்த்துவிட்டேன் எல்வா என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள், கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

லாரியைக் கொடுக்க வேண்டிவருமோ, ஊர் சிரிக்குமோ என்றுதான் மூன்று வாரமாகப் பயந்தேன், இப்படி ஒன்று காத்திருக்கிறது என்று தோன்றவே இல்லை. கார் கிளம்புகிற சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டே நின்றேன், கிளம்பவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. சட்டத்தின் உள்பக்கம், பிரேக் குழாய்க்குப் பின்னால், கிரைண்டர் நுழையாது. அங்கே நான் சோம்பேறித்தனமாகக் கறுப்பை அப்பிவிட்டு விட்டிருந்தேன். இந்த முழங்காலோடு ஓடினேன் டாம்சின், கார் ஜன்னலைத் தட்டி, உள்பக்கம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும் என்றேன். "தள்ளு" என்றாள். இறங்கி வந்து, லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்வேனே, அந்தச் சக்கரப் பலகையில் வெள்ளை உடுப்போடு மல்லாந்து படுத்துவிட்டாள், எழுபத்தைந்து வயதில். நான் மெல்லத் தள்ளினேன். வெளியே இரண்டு வெள்ளை ஷூ மட்டும்தான் தெரிந்தது.

தேநீர் கொண்டுவந்த அம்மா அந்தக் காலைப் பார்த்துவிட்டு, "அய்யோ, யாரை நசுக்கிட்ட?" என்றாள். அடியிலிருந்து எல்வாவின் குரல் வந்தது. "இருக்கு. இங்கேதான் இருக்கு. கர்மம், எவ்வளவு கேவலமா பத்தவெச்சிருக்கார்" என்று சிரித்தாள், சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றோம். பிறகு அங்கே படுத்தபடியே அவள் சொன்னாள், "அல்வின், அந்த ஓடை விஷயம். ஆமா, நிக்காமத்தான் போனார். அதுக்கு முந்தின வாரம்தான் உங்கப்பாகிட்ட ஏதோ சண்டை, கோவத்துல போயிட்டார். பத்து மைல் தாண்டித் திரும்பலாம்னு நினைச்சாராம், வெட்கமா இருந்துச்சாம். அப்புறம் சாகிறவரைக்கும் ரோட்டுல எவன் நின்னாலும் நிறுத்தினார், என் கல்யாணத்துக்கே லேட்டு, எவனுக்கோ டயர் மாட்டிக்கிட்டிருந்தார்." கொஞ்ச நேரம் கழித்து, "நீ நிறுத்திட்டே. மூணு வாரம் லேட்டு, ஆனா நிறுத்திட்டே" என்றாள். பலகையை வெளியே இழுத்தேன், முதுகு முழுக்க கிரீஸ், இன்றைய பௌல்ஸ் ஆட்டம் போயிற்று.

லாரியை எடுத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். "எங்க நிறுத்தறது, ரோஜாத் தோட்டத்துலயா? ஓட்டு, நாளைக்கு நானும் வரேன். ஆனா உங்கப்பா சீட்டுல சும்மா உட்கார மாட்டேன், என் மெத்தையைக் கொண்டுவருவேன்" என்றாள். அம்மாவுக்கு ஒரே குஷி, மூன்று நாள் வழிநெடுக என்னைக் கிண்டல் செய்யத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது. கதவில் தாத்தா பெயர் அப்படியே இருக்கும், கேபின் நம்முடையதுதானே. சேசிஸ் சட்டத்தில் லோதர் நோஸ்கே என்று வெள்ளையில் நானே எழுதினேன், கடைசி எழுத்து கொஞ்சம் கோணல். கதைப் பலகையைப் புரட்டிப்போட்டுப் பின்பக்கம் புதிதாக எழுதச் சொல்லியிருக்கிறேன், எழுதுகிறவன் இவ்வளவு நீளக் கதைக்குப் பலகை பத்தாது என்கிறான். வயல்லாக்காரர் ஆலிஸுக்கு வருகிறாராம். அவரிடம் முதலில் போய் என் எண்ணைச் சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது எல்வா கைப்பையைத் திறந்து, அவள் அப்பா லாரியின் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டாள். அதில் குத்தியிருந்த நாலு குண்டூசியையும் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தாள். "உங்கப்பா சேசிஸ் எங்கேயோ மண்ணுல கிடக்கு. இனிமே உன் முறை" என்றாள். நினைத்தாலே இருப்புக்கொள்ளவில்லை. நாற்பத்தொன்று எங்கே கிடக்கிறதோ, எந்தப் பண்ணையில் எந்தத் தொப்பியோடு நிற்கிறதோ. நாளை போகிற வழியில் ஒவ்வொரு குப்பைமேட்டையும் பார்த்துக்கொண்டேதான் போகப் போகிறேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எந்தக் குறையும் வராமல் கடவுள் காப்பாற்றட்டும். இது கையில் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, இந்த முறை நானே எடுப்பேன். இன்னொரு சனிக்கிழமையை எனக்காகச் செலவு செய்ய வேண்டும், மறக்காதே. அதே கூடத்துக்குப் போய், நாற்பத்திரண்டாம் எண்ணின் அட்டையைத் தேடி எடு. எனக்குப் படம் எடுத்து அனுப்பாதே, உறையின்மேல் என் பெயரையும் போடாதே. எல்வா நோஸ்கே என்று எழுது. வாங்கியவர் பெயரை அவள்தான் முதலில் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
அல்வின் கெஸ்ஸல்