வலது விலாவுக்குக் கீழே

ஐப்பசி 14, வியாழன். இரவு.

மருமகள் செல்விக்கு மூன்று நாளாக வயிற்றுவலி, வாந்தி. குடலேற்றம் என்று சொல்லி நான்தான் விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன். என் கைராசியைத் தெருவே சொல்லும். இன்று காய்ச்சலும் வரவே திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வலது விலாவுக்குக் கீழே, என் கை பட்டுக் கன்றியிருந்த இடத்தில் அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி இழுக்கும்போதே செல்வி துடித்துவிட்டாள். ஸ்கேனில் பித்தப்பை வாயைக் கல் அடைத்து, பை வீங்கியிருந்தது.

"வீங்குன எடத்த இம்புட்டு முரட்டுத்தனமா யாரும்மா தேச்சது?"

நான் வாய் திறப்பதற்குள், "நாந்தான் தேச்சுக்கிட்டேன், டாக்டர்" என்றாள் செல்வி. என்னைப் பார்த்து, "நீங்க சும்மா இருங்கத்தே" என்றாள்.

காலையில் ஆபரேஷன். அதற்குமுன் டாக்டரம்மாவிடம் நானே சொல்லிவிட வேண்டும். நேற்று, "வலிக்குதத்தே" என்று அவள் என் கையைத் தள்ளியும் நான் விடவில்லை.