மாடியறை மணி

பெரம்பலூர்
12.6.1981

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி அய்யாக்கண்ணு எழுதுவது. நான் நலம். நீயும் நலந்தானே?

நீ வேலை பார்க்கும் மில்காரர் வீட்டில் நான் செய்த வயரிங் வேலையைப் பற்றி அரியலூர் முழுக்கப் பேச்சாம். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கிறது. மாடியறைகளில் எதில் பொத்தானை அழுத்தினாலும் சமையற்கட்டில் மணி அடிக்கிறது. எந்த அறை என்று சிவப்பு பல்பு காட்டுகிறது. இனி உன்னை யாரும் கத்திக் கூப்பிட வேண்டாம். வீட்டு வேலை செய்து என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவளுக்கு என்னால் ஆனது இது. உன் முதலாளி இன்னும் மூன்று வீடுகளுக்கு என்னைச் சொல்லியிருக்கிறார்.

உன் அன்புத் தம்பி
அய்யாக்கண்ணு

அரியலூர்
3.8.1981

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முன்பெல்லாம் வீட்டம்மா மாடிப்படி வரை வந்து "கொளஞ்சி" என்று கூப்பிடுவார்கள். படி வரை வர அலுத்துக்கொண்டு பாதி வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இப்போது ஃபேன் போடவும் மணிதான். பேரப்பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இந்த இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் யாரும் என் பெயரைச் சொல்லி நான் கேட்கவில்லை. நேற்று சாப்பாட்டிலிருந்து எழுந்து கைகழுவிப் போவதற்குள் கொஞ்சம் தாமதம். "தொட்டி ரொம்புனா மோட்டாரு தானா நிக்குது. ஒனக்கு மட்டும் ஒவ்வொண்ணும் சொல்லணுமா?" என்று வீட்டம்மா கேட்டார்கள்.

பிள்ளைகள் அறையில் இருக்கும் பொத்தானையாவது கழற்றிவிட்டுப் போ.

உன் அக்கா
கொளஞ்சியம்மாள்

பெரம்பலூர்
20.8.1981

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டவனே கழற்றினால் மற்ற மூன்று வீடும் கைவிட்டுப் போகும். அவர்களும் இதே மணியைத்தான் கேட்கிறார்கள். பொங்கல் வரை பொறுத்துக்கொள். ஒரு மணிச் சத்தத்துக்கா இவ்வளவு வருத்தம்?

தம்பி
அய்யாக்கண்ணு

ஜெயங்கொண்டம்
18.12.1981

அய்யாக்கண்ணுவுக்கு,

முதலாளி உன்னிடம் என்ன சொன்னாரோ தெரியாது. ஐப்பசி மழையில் கொல்லைப் படியெல்லாம் ஈரம். மணி அடித்தது என்று ஓடி விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கீழே கிடந்து கத்தினேன். மணிதான் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் இறங்கி வரவில்லை. எழுந்துபோய் மற்ற கையால் மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இங்கே முந்திரிக்கொட்டை உடைக்கிறேன். கட்டுப் பிரித்த கையில் கொட்டைப் பால் பட்டு எரிகிறது.

என் இடத்துக்கு வந்திருக்கும் பச்சையம்மாளை அரியலூர்ச் சந்தையில் பார்த்தேன். நான் போன மறுவாரமே நீ வந்து ஒயரை ஒட்டுப்போட்டுக் கொடுத்தாயாம். துணி துவைக்கும் இடத்துக்கும் கேட்கட்டும் என்று கொல்லையில் இன்னொரு மணியும் வைத்தாயாம். முன்பு இருந்தவள் எங்கே என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

"அந்த ஒயர்மேன் புள்ள ஒன் சாடையாவே இருக்குதே, ஒறவா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கொளஞ்சியம்மாள்